8–0 வெற்றியில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள்?

சிறுவர் கால்பந்தில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கோப்பைகளை எண்ணாதீர்கள், பிள்ளை எப்படி ஆடுகிறது என்று கவனியுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். பாராட்டியும் திட்டியும் கடிதங்கள் வந்திருக்கின்றன, திட்டியவைதான் சுவாரஸ்யம். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். கோச் கண்ணில் பட்டால் அடுத்த மேட்சில் பிள்ளைக்கு பெஞ்ச்தான் என்று சிலர் அவர்களாகவே கேட்டுக்கொண்டார்கள், அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. இந்த சீசன் முழுக்க அவன் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. கோச்சைக் கேட்டால், "எங்களுக்கு ரிசல்ட் முக்கியமில்லை சார், டெவலப்மென்ட்தான் முக்கியம்" என்கிறார். இது கொள்கையா, சாக்கா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். டெவலப்மென்ட் என்று சொல்லிக்கொண்டு சும்மா நிற்கும் கோச்சுகளும் நிறைய உண்டு. ஸ்கோரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் பயிற்சி நடக்கும்போது போய் ஓரமாக நில்லுங்கள்.

முதலில் வரிசையைப் பாருங்கள். 12 பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகப் போய் கோல் அடிக்கும் பயிற்சி நடக்கிறதா? ஒருவர் ஓடி அடித்து முடிக்க 10 விநாடி என்று வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பந்து காலில் படும், பத்து நிமிடத்தில் மொத்தம் ஐந்து உதை. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்து இழுப்பதுதான் பயிற்சி. அதே 12 பேரை மூன்று மூன்று பேராகப் பிரித்து இரண்டு சின்ன ஆட்டம் ஆடவிட்டால் யாருக்கும் ஒளிய இடமில்லை. பந்தை வாங்க வேண்டும், எதிராளியைப் பார்க்க வேண்டும், கொடுப்பதா தாண்டிப் போவதா என்று முடிவெடுக்க வேண்டும், பறிபோனால் திரும்பி ஓட வேண்டும். பத்து நிமிடமும் இதுதான். 10 வயதில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் மேட்சைப் பாருங்கள். கோல் கிக். கோல்கீப்பர் பந்தைத் தூக்கி அடிக்காமல் பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டருக்குத் தட்டுகிறான். தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று டிஃபெண்டர் பார்க்கவில்லை, பந்து பறிபோகிறது, கோல். இந்த இடத்தில் கோச் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். "தூக்கி அடிடா" என்று கத்தினால் அவருடைய டெவலப்மென்ட் அந்த நிமிடத்தோடு முடிந்தது. ஒன்றுமே சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிட மோசம். "பந்து வருவதற்கு முன்னாடியே ஒரு தடவை திரும்பிப் பார், கீப்பர் நீ அடுத்த தடவையும் அவனுக்கே கொடு" என்று சொல்லி, அடுத்த பயிற்சியில் அதையே எடுத்துப் பழக்கினால், அணி கடைசி இடத்தில் முடிந்தாலும் அவரை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. எட்டு கோல் வாங்கித் தோற்கும் அணியில் யாரும் எதுவும் கற்பதில்லை, ஏனென்றால் பந்தே காலுக்கு வருவதில்லை. எட்டு கோல் போட்டு ஜெயிக்கும் அணியிலும் கிட்டத்தட்ட அதேதான், நெருக்க ஆள் இல்லாதபோது முதல் டச் இரண்டு அடி தள்ளிப் போனாலும் ஒன்றும் ஆகாது, அதைத் திருத்த வேண்டிய அவசியமே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நாலு கோல் வித்தியாசம் வந்துவிட்டால் தோற்கும் அணி ஒரு ஆளைக் கூடுதலாக இறக்கலாம் என்று விதி வைத்திருக்கும் சிறுவர் லீக்குகள் உண்டு. உங்கள் லீக்கில் அப்படி இல்லையென்றால், அணியைக் கீழ்ப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 4–3, 2–3 என்று முடிகிற ஆட்டங்கள்தான் இந்த வயதுக்கு வேண்டும்.

கேள்வி: நான் 9 வயதுப் பிரிவுக்கு கோச். எல்லாருக்கும் சம நேரம் கொடுக்கிறேன். "நல்லா ஆடுற அஞ்சு பேரை வெளியே எடுக்காம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று பெற்றோர்கள் வாட்ஸாப் குரூப்பில் கிழிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அவர்கள் சொல்வது உண்மைதான், ஜெயித்திருப்பீர்கள். அதை மறுக்காதீர்கள், மறுத்தால் மற்றதும் எடுபடாது. சம நேரம் கொடுத்தால் சில மேட்ச் போகும், தெரிந்தேதான் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். ஆனால் சொல்ல வேண்டிய நாள் சீசன் தொடங்கும் முன்னால். தோற்ற அன்றைக்கு ராத்திரி குரூப்பில் சொன்னால் சமாளிப்பு மாதிரிதான் தெரியும்.

கணக்கைக் காட்டுங்கள். அணியில் 10 பேர், 7 பேர் ஆடும் ஆட்டம், 50 நிமிடம். ஆகமொத்தம் பங்குபோட 350 நிமிடம் இருக்கிறது, ஆளுக்கு 35. பலவீனமானவன் என்று ஒருவனுக்கு மேட்சுக்கு 5 நிமிடம் மட்டும் கொடுத்தால் 20 மேட்சில் அவன் ஆடியது 100 நிமிடம். சமமாகக் கொடுத்திருந்தால் 700. 600 நிமிட ஆட்டத்தை அவனிடமிருந்து எடுத்து ஏற்கெனவே ஆடத் தெரிந்தவனுக்குக் கொடுத்துவிட்டு, வருஷக் கடைசியில் "இவனுக்கு ஆட வரவில்லை" என்கிறோம். எப்படி வரும்?

யாரை எப்போது மாற்றுவது என்ற பட்டியலை முதல் நாளே எழுதி முடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 2–2 என்று நிற்கும்போது, கடைசி எட்டு நிமிடத்தில், மைதான ஓரத்தில் நின்றுகொண்டு யாரை இறக்கலாம் என்று யோசித்தால் எப்பேர்ப்பட்ட கொள்கைக்காரரும் தடுமாறிவிடுவார்.

அந்த நல்ல ஐந்து பேரையும் மறந்துவிடாதீர்கள். சம நேரம் என்பதை அவர்களுக்கான தண்டனையாகத்தான் பெற்றோர் பார்க்கிறார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அவர்களுக்குக் கஷ்டமான வேலை கொடுங்கள். வேகத்தை மட்டும் நம்பி கோல் போடுகிறவனை ஒரு பாதி டிஃபென்ஸில் நிறுத்துங்கள், அங்கே ஓட்டம் மட்டும் போதாது. எல்லாவற்றையும் வலது காலிலேயே செய்கிறவளை இடது பக்கம் போடுங்கள். திணறுவார்கள். திணறட்டும், அதற்குத்தானே வந்திருக்கிறார்கள்.

இது உங்கள் தனிப்பட்ட பைத்தியம் இல்லை என்று காட்ட ஓர் உதாரணம் வேண்டுமானால் பெல்ஜியத்தைச் சொல்லுங்கள். 2000-இல் நெதர்லாந்துடன் சேர்ந்து யூரோ கோப்பையை நடத்திய அந்த நாடு, சொந்த மண்ணில் முதல் சுற்றோடு வெளியேறியது. அதற்கப்புறம் அந்நாட்டுக் கால்பந்து சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநர் மிஷெல் சாப்லோன் தலைமையில் சிறுவர் கால்பந்தையே புரட்டிப் போட்டார்கள். சிறுவர் ஆட்டங்களைப் படம்பிடித்து ஆராய்ந்ததில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து எவ்வளவு அபூர்வமாகக் கிடைக்கிறது என்று தெரிந்தது. இரண்டு பேர், ஐந்து பேர், எட்டு பேர் என்று வயதுக்கேற்ப ஆட்டத்தைச் சுருக்கினார்கள், 7, 8 வயதுப் பிரிவுகளில் லீக் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியம் மூன்றாம் இடம். அதனால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஒரு நல்ல தலைமுறை உருவாகப் பல காரணங்கள் இருக்கும். பட்டியலை எடுத்ததால் ஆட்டம் கெட்டுப்போய்விடவில்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இங்கிலாந்தில் 7 முதல் 11 வரையான வயதுப் பிரிவுகளில் முடிவுகளை வெளியிடுவதில்லை. ஜெர்மனியில் 2024–25 சீசனிலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இரண்டு பேர், மூன்று பேர் ஆட்டம்தான், பக்கத்துக்கு இரண்டாக நாலு குட்டி கோல்போஸ்ட், கோல்கீப்பரே கிடையாது. நான்கு உலகக் கோப்பை ஜெயித்த நாடு அது. குரூப்பில் இதைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நாளாவது அமைதி கிடைக்கும்.

கேள்வி: என் மகன் 12 வயது, அணியிலேயே குள்ளம். பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் செலக்ஷனில் "உடம்பு பத்தாது" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் பந்தையே தொட மாட்டேன் என்கிறான். நான் என்ன செய்ய?

முதலில் பிறந்த மாதத்தைப் பார்ப்போம். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்பட்டால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள், நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். பெரியவர்களுக்கு ஒரு வருஷம் ஒன்றுமே இல்லை. 10 வயதில் அது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. உலகம் முழுக்க கிளப் அகாடமிகளில் வயதுப் பிரிவு வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி அதிகமாகவும் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பதை ஆய்வாளர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். திறமை ஜனவரியில் மட்டும் பிறப்பதில்லை, தேர்வாளர்கள் மூத்த பிள்ளையைப் பார்த்துத் திறமையான பிள்ளை என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிறந்த மாதம் ஒரு பக்கம், பருவ வளர்ச்சி இன்னொரு பக்கம். ஆண்பிள்ளைகள் பொதுவாக 13, 14 வயதில் மளமளவென்று உயர்வார்கள், பெண்பிள்ளைகளுக்கு அது 12 வாக்கில். ஆனால் சிலருக்கு இரண்டு வருஷம் முன்னாடியே வந்துவிடும், சிலருக்கு இரண்டு வருஷம் கழித்து. ஆக, ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு 13 வயதுப் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் இன்னும் சின்னப் பிள்ளையாகவே இருப்பான். அவர்கள் இரண்டு பேரையும் மோதவிட்டு யார் பந்தை வைத்துக்கொண்டார்கள் என்று பார்ப்பதற்குப் பெயர் செலக்ஷன்.

குரோஷியாவின் லூகா மோட்ரிச்சை அந்நாட்டு ஹைடுக் ஸ்ப்ளிட் கிளப் சின்ன உடம்பு என்று வேண்டாம் என்றது. 2018-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதை அவர் வாங்கினார். அந்துவான் கிரீஸ்மேனை உயரத்தைக் காரணம் காட்டிப் பல பிரெஞ்சு கிளப்புகள் தட்டிக்கழித்தன, அவர் சின்ன வயதிலேயே எல்லை தாண்டி ஸ்பெயினில் ரியல் சோசிடாடில் சேர்ந்து வளர்ந்து, அதே 2018-இல் பிரான்சுக்காக உலகக் கோப்பை ஜெயித்தார். இதைச் சொல்லி உங்கள் மகனும் மோட்ரிச் ஆவான் என்று ஆசை காட்ட வரவில்லை. நிராகரிக்கப்பட்ட பெரும்பாலானவர்களின் பெயர் நமக்குத் தெரியாமலேயே போய்விட்டது, அதுதான் விஷயத்தின் சோகமான பாதி. 12 வயதில் உடம்பைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது என்னவென்றால், அவனை எங்கேயாவது ஆடிக்கொண்டே இருக்க வையுங்கள். பெரிய பெயர் உள்ள அகாடமியின் பெஞ்சைவிடச் சின்ன கிளப்பின் மைதானம் மேல். சில நாடுகளில் வயதை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிடும் முறை இருக்கிறது. பெல்ஜியம் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தேசிய அளவில் தனி அணி வைத்தது. உங்கள் கிளப்பில் அதெல்லாம் இருக்காது, ஆனால் வாரத்தில் ஒரு நாள் ஒரு வயது குறைந்த பிரிவோடு பயிற்சி செய்யலாமா என்று கேட்கலாம். அங்கே அவன் தள்ளுமுள்ளு இல்லாமல் ஆட்டத்தை நடத்துவான், மற்ற நாட்களில் தன்னைவிடப் பெரிய உடம்புக்காரப் பையன்களிடம் பந்தை மறைத்துக்கொள்ளப் பழகுவான். சின்ன உடம்புக்காரர்கள் பிழைக்க வேண்டுமே என்று சீக்கிரம் யோசிக்கப் பழகிவிடுகிறார்கள், உடம்பு வந்த பிறகு அந்த மூளை எங்கேயும் போய்விடாது. வேகத்தையும் பலத்தையும் மட்டும் வைத்து 12 வயதில் ஜெயித்தவனுக்குத்தான் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்துவிட்ட பிறகு சிக்கல்.

அவன் உயரத் தொடங்கும்போது ஒரு எச்சரிக்கை. சில மாதங்களுக்கு, நேற்று வரை ஓட்டிய சைக்கிளைப் பிடுங்கிவிட்டு உயரமான சைக்கிளைக் கொடுத்த மாதிரி தடுமாறுவான், பந்து காலில் நிற்காது. ஆட்டம் போய்விட்டது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலி என்றால் "வளரும் வலி" என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், ஓட்டத்தையும் குதித்தலையும் கொஞ்ச நாள் குறையுங்கள்.

கேள்வி: ஸ்கோர் முக்கியமில்லை, தோற்றாலும் பரவாயில்லை என்று வளர்த்தால் பிள்ளைகளுக்குப் போராடும் குணம் எப்படி வரும்? எந்த வயதில்தான் ஜெயிக்கப் பழகுவது?

ஸ்கோர் முக்கியமில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பட்டியல் இல்லாத லீக்கிலும் எத்தனை கோல், யார் போட்டது, எது ஆஃப்சைடு என்று ஏழு வயதுப் பிள்ளை ஒன்று விடாமல் சொல்லும். பிள்ளைகள் ஜெயிக்கத்தான் ஆட வேண்டும். நான் சொல்வது பெரியவர்களை. ஜெயிக்க வேண்டும் என்பதற்காக கோச் யாரை உட்கார வைக்கிறார், யாரை ஒரே இடத்தில் நட்டுவைக்கிறார், எதைப் பழக்காமல் விடுகிறார் என்பதில்தான் சிக்கல்.

நார்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்று தேசிய அளவில் விதிகளே இருக்கின்றன. 11 வயது ஆகும் வருஷம் வரை பட்டியலும் தரவரிசையும் இல்லை. தேசிய சாம்பியன்ஷிப் 13 வயதிலிருந்துதான். இந்தப் படிக்கட்டு எனக்குச் சரியாகப் படுகிறது. 15, 16-இல் ஜெயிக்கும் கலையையும் தனியாகவே கற்க வேண்டும்: ஒரு கோல் முன்னணியில் கடைசி பத்து நிமிடத்தைக் கடத்துவது, பத்து பேராகக் குறைந்த பிறகு ஒழுங்காக நிற்பது, பெனால்டி அடிக்கப் போகும்போது கால் நடுங்காமல் இருப்பது. இதெல்லாம் திறமைதான், அதற்குத் தோற்றால் வலிக்கிற ஆட்டங்கள் தேவை. பந்தை வாங்கத் தெரியாதவனுக்கு முன்கூட்டியே இதைக் கற்றுக்கொடுத்துப் பயனில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: சின்ன வயதில் ஜெயிப்பது அர்த்தமில்லை என்றால் ஃபிஃபா எதற்கு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடத்துகிறது?

நல்ல கேள்வி, பதில் அந்தக் கோப்பையின் பட்டியலிலேயே இருக்கிறது. அதை அதிகத் தடவை ஜெயித்த நாடு நைஜீரியா: 1985, 1993, 2007, 2013, 2015 என்று ஐந்து முறை. பெரியவர்கள் உலகக் கோப்பையில் நைஜீரியா இதுவரை 16 அணிகள் ஆடும் சுற்றைத் தாண்டியதில்லை. அர்ஜென்டினா 17 வயதுக் கோப்பையை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை, பெரியவர்கள் கோப்பை மூன்று. ஜெர்மனி முதன்முதலாக 17 வயதுக் கோப்பையைத் தொட்டது 2023-இல், அதற்குள் பெரிய கோப்பை நான்கு வந்துவிட்டது.

நைஜீரியா விஷயத்தில் வயதைப் பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. 2009 போட்டியிலிருந்து ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து வயதைச் சோதிக்கத் தொடங்கியது, அதன் பிறகும் நைஜீரியா இரண்டு முறை ஜெயித்தது, ஆகவே எல்லாவற்றையும் வயது மோசடி என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. அந்தப் பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். 17-க்கும் 23-க்கும் நடுவில் அவர்களுக்குத் தேவையான லீக், மருத்துவம், ஒழுங்கான சம்பளம், பொறுமையான கிளப் இதெல்லாம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி, அதற்குக் கோப்பை பதில் சொல்லாது.

ஒரு வேடிக்கை: அதே அர்ஜென்டினா 20 வயதுக்குட்பட்டோர் கோப்பையை ஆறு முறை ஜெயித்திருக்கிறது. பெரியவர்கள் ஆட்டத்தை நெருங்க நெருங்க முடிவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அர்த்தம் வருகிறது. போட்டியை நடத்தட்டும், அது பையன்களுக்குப் பெரிய அனுபவம். அதில் ஜெயித்ததை வைத்து நாட்டின் கால்பந்து எதிர்காலத்தைக் கணிக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: மேட்சின்போது நான் ஓரத்தில் நின்று "அடி! அடி!" என்று கத்துகிறேன். மனைவி கூடாது என்கிறாள். உற்சாகப்படுத்துவது தப்பா?

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. "அடி" என்பது உற்சாகம் இல்லை, உத்தரவு. பந்து காலில் இருக்கும் அந்த ஒரு விநாடியில் பிள்ளை தானே பார்த்து, தானே முடிவெடுக்கப் பழக வேண்டும். உங்கள் குரல் அவன் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆட்டம் மாறியிருக்கும், நீங்கள் சொன்னபோது காலியாக இருந்த இடத்தில் இப்போது டிஃபெண்டர் நிற்பான். அப்பா ஒன்று, கோச் ஒன்று, அடுத்த பையனின் மாமா ஒன்று என்று மூன்று உத்தரவு வந்தால் எல்லாப் பிள்ளையும் ஒரே காரியத்தைத்தான் செய்யும், கண்ணை மூடிக்கொண்டு தூர உதைக்கும். கை தட்டுங்கள், எதிரணிப் பிள்ளை நன்றாக ஆடினாலும் தட்டுங்கள். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றால் மூலையில் கார்னர் கொடி பக்கமாகப் போய் நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: நான் 14 வயதுப் பெண். 9 வயதிலிருந்து என்னை ரைட் பேக்காகவே (வலது ஓர டிஃபெண்டர்) ஆடவைக்கிறார்கள். எனக்கு மிட்ஃபீல்ட் ஆட ஆசை. கேட்டால் "நீ அங்கேதான் செட் ஆவே" என்கிறார் கோச்.

ஒன்பது வயதில் உன்னை ஓர் இடத்தில் நிறுத்தியவருக்கு நீ அங்கே நின்றால் அந்த வார மேட்சில் கோல் விழாது என்று தெரிந்திருக்கும், அதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கோபப்படுவதில் பலன் இல்லை, உனக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. ஜெர்மனியின் பிலிப் லாம் உலகின் சிறந்த ஃபுல் பேக்குகளில் (ஓர டிஃபெண்டர்கள்) ஒருவராகப் பேர் வாங்கிய பிறகு, 30 வயதை நெருங்கும்போது, பாயர்ன் மியூனிக்கில் கோச் குவார்டியோலா அவரை மிட்ஃபீல்டுக்கு மாற்றினார், அங்கேயும் பிரமாதமாக ஆடினார்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். ரைட் பேக்குக்கு ஒரு பக்கம் எப்போதும் கோடுதான், அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது. மிட்ஃபீல்டில் நாலா பக்கத்திலிருந்தும் வருவார்கள். ஆகவே இப்போதே பழக வேண்டியது பந்து வருவதற்கு முன்னால் இரண்டு தோளுக்கு மேலேயும் திரும்பிப் பார்ப்பது. ரைட் பேக் ஆடும்போதே இதைச் செய். பந்தை எப்போதும் கோட்டு ஓரமாகவே முன்னால் தள்ளாமல், இடது காலில் வாங்கி உள்பக்கம் திரும்பிக் கொடுத்துப் பார். பறிபோகும், ஆரம்பத்தில் திட்டு விழும்.

கோச்சிடம் "எனக்கு மிட்ஃபீல்ட் வேணும்" என்று பொதுவாகக் கேட்காதே. "அடுத்த நாலு பயிற்சி ஆட்டத்தில் பாதி நேரம் மட்டும் நடுவில் ஆடட்டுமா, என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்க" என்று கேள். இப்படிக் கேட்டால் மறுப்பது அவருக்குக் கஷ்டம். அதற்கும் முடியாது என்றால் தெருவிலோ பள்ளியிலோ ஐந்து பேர் ஆட்டம் கிடைக்கிற இடத்திலெல்லாம் ஆடு, அங்கே யாருக்கும் நிலையான இடம் கிடையாது.

கேள்வி: நான் ஒரு சின்ன அகாடமி நடத்துகிறேன். நீங்கள் எழுதியதெல்லாம் எனக்கும் சம்மதம்தான். ஆனால் கோப்பை ஜெயித்த படத்தைப் போடாவிட்டால் புதிதாக யாரும் சேர மாட்டார்கள். வாடகை யார் கட்டுவது?

நியாயமான கஷ்டம், அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கோப்பை விளம்பரம்தான். அதோடு 12 வயதுப் பிரிவில் கோப்பை வாங்குவது ரொம்பச் சுலபம் என்பது உங்களுக்கே தெரியும்: பக்கத்து கிளப்புகளிலிருந்து சீக்கிரம் வளர்ந்த நாலு பையன்களைக் கொண்டுவந்து, முன்னால் வேகமான ஒருவனை நிறுத்தி, பின்னாலிருந்து நெடுகப் பந்தை உதைக்கச் சொன்னால் முடிந்தது. படத்தில் அந்த நாலு பேர் நடுவில் நிற்பார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்கள் வேறு அகாடமிக்குப் போயிருப்பார்கள், ஓரத்தில் நின்றவர்கள் ஆட்டத்தையே விட்டிருப்பார்கள், நீங்கள் மறுபடி புது நாலு பேரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்த வியாபாரம் ஓடும், ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து ஓடவேண்டும்.

கோல் குவிக்கும் நட்சத்திரம் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த நார்வேயின் ப்ரினே கிளப்பில் அவர் செட்டில் சுமார் 40 பிள்ளைகள். நல்லவர்கள், சுமாரானவர்கள் என்று பிரித்து ஒதுக்காமல் வருஷக்கணக்காக ஒன்றாகவே பயிற்சி கொடுத்தார்கள், அந்தக் கூட்டத்திலிருந்து ஹாலண்டோடு இன்னும் சிலரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ப்ரினே பெரிய கிளப் இல்லை. எல்லாருக்கும் ஹாலண்ட் கிடைக்க மாட்டார், 40 பேரைப் பிடித்து வைத்துக்கொள்வது மட்டும் எந்தக் கிளப்பாலும் முடியும்.

உங்கள் வாடகைக் கணக்குக்கும் இதுதான் உதவும். புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்க்க ஆகும் செலவைவிட இருக்கும் பிள்ளையைத் தக்கவைக்க ஆகும் செலவு குறைவு. போன வருஷம் 10 வயதுப் பிரிவில் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் வருகிறார்கள் என்று ரெஜிஸ்டரைப் புரட்டி எண்ணுங்கள். வராதவர்களின் வீட்டுக்குப் போன் செய்து ஏன் நின்றுவிட்டான் என்று கேளுங்கள், அம்மாக்கள் மறைக்காமல் சொல்வார்கள். படிப்பு, தூரம், நேரம் என்று சிலர் சொன்னால் அதில் உங்களால் கொஞ்சம்தான் செய்ய முடியும். "போனா உட்கார வச்சுடுறாங்க சார்" என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தால், எந்த கோச்சின் அணியிலிருந்து வருகிறது என்று பெயர் வாரியாகக் குறித்துக்கொண்டு அவரோடு பேசுங்கள். அடுத்த டோர்னமென்டுக்கு என்ட்ரி கட்டும் முன்னால் இந்தப் போன்களை முடித்துவிடுங்கள்.